எவ்வளவு சரியானால் கடவுள் முன் போகலாம்?

அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "ஊருக்கு வந்தால் கோயிலுக்குப் போவேன். ஆனால் திருவிருந்து நேரத்தில் எழுந்து போவதில்லை. சம்பளம் கைக்கு வந்தால் குடிக்கிறேன். சீட்டுக் காசில் அண்ணனை ஏமாற்றிவிட்டேன், இப்போது பேச்சுவார்த்தை இல்லை. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு என்ற வசனம் பயமாக இருக்கிறது. முதலில் என்னைச் சரிப்படுத்திக்கொண்டு அப்புறம் போகலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு சரியானால் போதும்? தங்கச்சியும் ஒன்று கேட்கச் சொன்னாள். வீட்டுக்குத் தூரமான நாட்களில் கோயிலுக்குள் வரக்கூடாது என்று அப்பாயி சொல்கிறார், உண்மையா?"

தம்பி, நேராகச் சொல்லிவிடுகிறேன். 'இப்போது போதும்' என்று சொல்லும் அளவுக்கு நீங்கள் ஒருநாளும் சரியாக மாட்டீர்கள். நானும் மாட்டேன், உங்கள் போதகரும் மாட்டார். கடவுள் முன் நிற்கும் தகுதியைக் கிறிஸ்து தருகிறார், அவரிடம் போனால்தான் அது கிடைக்கும். சரியான பிறகு போகலாம் என்று காத்திருப்பவர் மருந்து கிடைக்கும் இடத்தைத் தவிர்த்துக்கொண்டே காத்திருக்கிறார். குடியும் அண்ணனின் காசும் சின்ன விஷயம் என்று இதற்கு அர்த்தமில்லை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது கொழுந்து மடுவத்துக் கேள்வி. பின்நேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். அம்மா பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் நாளுக்குக் குறித்த கிலோவைத் தொடாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். காலையில் எத்தனை மணிக்கு மலைக்கு ஏறினார், மழையில் நனைந்தாரா, அட்டை கடித்ததா என்றெல்லாம் அங்கே கணக்கில்லை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கடவுளும் தராசுப் பக்கத்தில் பேனாவோடு நிற்பவராகத் தெரிந்தால் அதில் ஆச்சரியம் என்ன? ஆனால் அந்தத் தராசில் ஏறி முழுப்பேர் வாங்கியவர் என்று வேதம் ஒருவரையும் காட்டவில்லை. "கர்த்தாவே, நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான், ஆண்டவரே" என்று 130ஆம் சங்கீதமே கேட்கிறது. 'எவ்வளவு?' என்று கேட்கும்வரை பதில் 'குறைகிறது' என்றுதான் வரும்.

அப்படியானால் தகுதியே வேண்டாமா? வேண்டும். வேதம் இதில் கொஞ்சமும் இளகவில்லை. 24ஆம் சங்கீதம் கேட்கிறது: "யார் கர்த்தருடைய பர்வதத்தில் ஏறுவான்? யார் அவருடைய பரிசுத்த ஸ்தலத்தில் நிலைத்திருப்பான்?" கைகளில் சுத்தமுள்ளவனும் இருதயத்தில் மாசில்லாதவனும் என்று உடனே பதிலும் சொல்கிறது. 15ஆம் சங்கீதம் இதே கேள்விக்கு இன்னும் விவரமாகப் பதில் தருகிறது, அந்த விவரம் எல்லாமே லயத்து வாழ்க்கைக்கு, தோட்டத்து வரிசைவீட்டு வாழ்க்கைக்கு, பக்கத்தில் இருக்கிறது. புறங்கூறக்கூடாது. அயலான்மேல் வரும் நிந்தையான பேச்சை எடுத்துக்கொள்ளக்கூடாது. கொடுத்த வாக்கு நஷ்டத்தில் முடிந்தாலும் மாறக்கூடாது. காசை வட்டிக்கு விடக்கூடாது. குற்றமில்லாதவனுக்கு எதிராக லஞ்சம் வாங்கக்கூடாது. குளிப்பு, உடுப்பு, தீட்டு பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. கடவுளின் கூடாரத்தில் தங்குவது யார் என்ற கேள்விக்கு, பக்கத்துக் காம்பராக்காரனோடு எப்படி இருக்கிறாய் என்பதே பதிலாக வருகிறது.

24ஆம் சங்கீதத்தை நம்மில் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறோம். சுத்தமான கையுள்ளவன் யார் என்று கேட்ட பாட்டு, கடைசியில் "வாசல்களே, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்" என்று கூப்பிட்டு, மகிமையின் ராஜா உள்ளே போவதைப் பாடுகிறது. கிறிஸ்து பரமேறிய திருநாளுக்கு இந்தச் சங்கீதத்தை வைத்துக்கொண்டது திருச்சபையின் பழைய வழக்கம். காரணம் தெளிவு. அந்த மலைமேல் ஏறத் தகுதியுள்ளவர் ஒருவர்தான். அவர் ஏறிவிட்டார். மற்றவர்கள் அவரோடு சேர்ந்து போகிறார்கள். இந்த விஷயத்தில் கிறிஸ்தவ விசுவாசம் சொல்வதன் முதுகெலும்பு இதுதான்.

பழைய ஏற்பாட்டில் உள்ளே போவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியன் ஒருவர் மட்டும், அதுவும் வருஷத்தில் ஒருநாள் மட்டும், ஏழாம் மாதம் பத்தாம் தேதி போகலாம். குளிக்க வேண்டும். பொன்னும் மணியும் வைத்த உடுப்பைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் உடுப்பில் போக வேண்டும். ஊருக்காகப் பலியிடுவதற்கு முன் தன் பாவத்துக்கும் தன் வீட்டாரின் பாவத்துக்கும் ஒரு காளையைப் பலியிட வேண்டும். தூபப்புகை கிருபாசனத்தை, அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை, மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவு. (செத்தால் இழுத்தெடுக்க அவர் காலில் கயிறு கட்டியிருப்பார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அது வேதாகமத்தில் எங்கேயும் இல்லை. பிள்ளைகளைப் பயமுறுத்தும் அந்தக் கதையை நாம் விட்டுவிடுவது நல்லது.) இயேசு உயிர்விட்டபோது அந்த இடத்தை மறைத்த திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது என்று மத்தேயு 27:51 சொல்கிறது. மேலிருந்து கிழிந்தது என்பதைக் கவனியுங்கள், மனிதக் கை செய்த காரியமில்லை. எபிரெயருக்கு எழுதியவர் இதைப் பிடித்துக்கொண்டுதான் "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்கிறார். எதற்காகச் சேர வேண்டும்? "இரக்கத்தைப் பெறவும், ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங்கிருபையை அடையவும்." இரக்கமும் சகாயமும் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் அந்த அழைப்பு.

சகரியா 3ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்த இடம். பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு கர்த்தருடைய தூதன் முன் நிற்கிறான். பக்கத்தில் சாத்தான் குற்றஞ்சாட்டிக்கொண்டு நிற்கிறான், சொன்ன குற்றம் பொய்யும் இல்லை. யோசுவா அந்த அதிகாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. போய்க் கழுவிக்கொண்டு வா என்று அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை. நிற்கிற இடத்திலேயே அழுக்குத் துணியைக் களைந்து நல்ல வஸ்திரம் உடுத்துகிறார்கள். அதற்குப் பிறகுதான் "என் வழிகளில் நடந்தால்" என்ற பேச்சு வருகிறது. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவன் சகேயுவின் கதையிலும் இதே ஒழுங்கு. இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போனார். ஊரார் முறுமுறுத்தார்கள். பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப என்று அவன் எழுந்து சொன்னது, அவர் வந்த பிறகு. கணக்கைத் தீர்த்துவிட்டு என்னைக் கூப்பிடு என்று இயேசு மரத்தடியில் நின்று சொல்லியிருந்தால் சகேயு இன்னும் மரத்திலேயே இருப்பான்.

நம் மலையகத்துக்கு இந்தச் செய்தி வந்த விதத்திலும் இது இருக்கிறது. 1854இல் ஆங்கிலிக்கர் தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து லயத்து வாசலுக்கே போனார்கள். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, வேலை முடிந்து, மண்ணும் வியர்வையுமாக இருந்தவர்களிடம் அப்படியே பேசினார்கள்.

சரி, உங்களைப் பயமுறுத்தும் வசனத்துக்கு வருகிறேன். 1 கொரிந்தியர் 11ஐ 29ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் எவருக்கும் பயம் வரும். 17இலிருந்து வாசியுங்கள். கொரிந்துச் சபையில் திருவிருந்தோடு சேர்த்து ஒரு சாப்பாடும் இருந்தது. வசதியானவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். இல்லாதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார் பவுல். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறார். அங்கே அபாத்திரமாய்ப் புசித்தது இதுதான்: ஒரே அப்பத்தில் பங்கெடுத்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரை ஆளாக மதிக்காதது. அவர் தரும் முடிவும் "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்பதே. தன் பாவத்தை நினைத்து நடுங்குபவரை அவர் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பவில்லை. 28ஆம் வசனம் தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது, சோதித்தறிந்து வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை.

இந்த வசனம் உண்மையில் சுட வேண்டிய இடம் வேறு. நம் முன்னோர் வந்த தமிழ்நாட்டுச் சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள், திருவிருந்துக்கும் சாதிவாரியாகப் போனார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதியதும் பலர் சபையையே விட்டுப் போனார்கள். திருவிருந்துக் கிண்ணத்தை விட்டார்கள், சாதியை விடவில்லை. இன்றும் நம் தோட்டங்களில் கல்யாணம் பேசும்போது அந்தப் பேச்சு வருகிறதா இல்லையா? குடித்ததற்காகக் கூனிக் குறுகி நிற்கும் உங்களைவிட, 'அவங்க வீட்டில் தண்ணி குடிக்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் முழங்கால்படியிடுகிறவர் அந்த வசனத்துக்குப் பயப்பட வேண்டும். இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும், ஆனால் பவுல் சொன்னது இதைவிடக் கடுமை.

இன்னொன்றும் கவனியுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்கப் போகும் அந்த நிமிடத்துக்கு முன் குருவும் மக்களும் சேர்ந்து சொல்லும் செபம், நூற்றுக்கு அதிபதி என்ற ரோமப் படை அதிகாரி இயேசுவிடம் சொன்ன வார்த்தையை ஒட்டியது: என் வீட்டுக்குள் நீர் வர நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை சொல்லும். ஆங்கிலிக்க ஒழுங்கிலும், உமது மேசையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்ல என்ற ஜெபம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்து முன்னால் போகிறார்கள். கிராதியருகே முழங்கால்படியிட்டு, வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டுகிறார்கள். கொழுந்துக்கறை ஏறி விரல்நுனி கறுத்த கை, கணக்கெழுதும் கை, நேற்று பிள்ளையை அடித்த கை எல்லாம் ஒரே வரிசையில் வெறுங்கையாக நீளும். தகுதியுள்ளவர்கள் மட்டும் வாங்கலாம் என்றால், வாங்கப் போகிறவர்கள் வாயில் இந்த ஜெபத்தை வைத்திருக்க மாட்டார்கள்.

சபைகளுக்குள் வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கனமான பாவம் செய்தவர் முதலில் குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்து பிறகே நற்கருணை வாங்க வேண்டும் என்பது கத்தோலிக்க ஒழுங்கு. நீங்கள் கத்தோலிக்கராக இருந்திருந்தால், சனிக்கிழமையே சுவாமியைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். எங்கள் புரொட்டஸ்தாந்துப் பக்கத்தில் அறிக்கை ஜெபம் ஆராதனைக்குள்ளேயே வருகிறது, மனம் பாரமாக இருந்தால் போதகரிடம் தனியாகவும் சொல்லலாம். ஆனால் தகுதி எங்கிருந்து வருகிறது என்ற அடிப்படைக் கேள்வியில், நம் ஊரில் நினைக்கும் அளவுக்குச் சண்டை இப்போது இல்லை. 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்க சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தப் புண்ணியத்தினாலும் இல்லாமல், கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நற்கிரியைகளுக்கு நம்மை அனுப்புகிறது என்பது அதன் சாரம். 2006இல் உலக மெதடிஸ்தப் பேரவையும் அதில் சேர்ந்துகொண்டது.

தங்கச்சியின் கேள்விக்கு. லேவியராகமம் 15இல் அந்தத் தீட்டுச் சட்டம் இருப்பது உண்மை. அப்பாயி இட்டுக்கட்டவில்லை, ஊர் வழக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆனால் மாற்கு 5ஐத் தங்கச்சியிடம் வாசித்துக் காட்டுங்கள். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு இருந்த பெண், நியாயப்பிரமாணப்படி யாரையும் தொடக்கூடாதவள், கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். தீட்டு அவள் பக்கமிருந்து அவர் பக்கம் போக வேண்டும், சட்டம் அப்படித்தான். போனது அவர் பக்கமிருந்து வந்த சுகம். "மகளே" என்று அவளைக் கூப்பிட்டார். 590 முதல் 604 வரை பாப்பரசராக இருந்த மகா கிரகோரியிடம் இங்கிலாந்திலிருந்து இதே கேள்வி வந்தது. அவர் இந்தப் பெண்ணைத்தான் சுட்டிக்காட்டி, அந்த நாட்களில் கோயிலுக்குள் வருவதையும் நற்கருணை வாங்குவதையும் தடுக்கக்கூடாது என்று பதில் எழுதினார். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய பதில் அது. அந்த நாட்களிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கலாம், கோயிலுக்குள் மட்டும் வரக்கூடாது என்பதில் என்ன நியாயம்? தங்கச்சி தாராளமாக வரட்டும், முன்வரிசையிலேயே உட்காரட்டும். அப்பாயியோடு சண்டை பிடிக்க வேண்டாம், அவர் அதைப் பக்தியென்று நினைத்தே செய்தார்.

தொட்டால் தீட்டு என்ற பயத்தைக் கிறிஸ்து எந்தத் திசைக்குத் திருப்பினார் என்பதற்கு நம் கண்டியிலேயே ஒரு சாட்சி உண்டு. கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் இலங்கைக்கு வந்த ஜோசப் வாஸ் அடிகள் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டபோது, அவர் தேடிப்போய் அவர்களைக் கழுவினார், சோறூட்டினார், செத்தவர்களைப் புதைத்தார். எந்த மதம் என்று கேட்கவில்லை. 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இனி, குடியும் அண்ணனும். "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே" என்று எபிரெயர் 12:14 சொல்கிறது. கிருபை என்று சொல்லிக்கொண்டு இந்த வசனத்தைத் தாண்டிப் போகும் பிரசங்கத்தை நம்பாதீர்கள். கடவுள் தம் முன்னால் வரவிட்டது, வந்தவனை வந்தபடியே வைத்திருப்பதற்காக அல்ல. ஆனால் மாறுவது அவரோடு இருந்துகொண்டு நடக்கும் வேலை. கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துச் சுவரில் டேவிட் பெயின்டர் தீட்டிய ஓவியங்களில் ஒன்று, இயேசு சீடருடைய கால்களைக் கழுவும் காட்சி. அந்தச் சம்பவத்தில் பேதுரு, நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்கிறான். பணிவு மாதிரிதான் கேட்கிறது. இயேசு சொன்னது: "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை." முதலில் நானே என்னைச் சரிப்படுத்திக்கொள்கிறேன் என்ற உங்கள் பேச்சும் பேதுருவின் பேச்சும் ஒன்றுதான், தம்பி. காலை நீட்டுங்கள்.

குடி வியாதியாகவே ஆகிவிட்டிருந்தால் ஜெபத்தோடு வைத்தியமும் வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் போய்க் கேளுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. பலவருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு ஆபத்தாகக்கூடும், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவதே பாதுகாப்பு. சம்பள நாளன்று தனியாக இருக்காதீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் காசை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். குடிவெறியோடு மட்டும் திருவிருந்துக்குப் போகாதீர்கள். முந்தின வாரம் விழுந்தீர்கள், மனஸ்தாபப்பட்டீர்கள் என்றால் போங்கள். எல்லோருக்கும் தெரியத் தீங்கு செய்துகொண்டு, விடவும் மாட்டேன் என்று நிற்பவரைச் சபை கொஞ்சகாலம் நிறுத்திவைப்பதுண்டு. அதுவும் அவரைத் திரும்பக் கொண்டுவருவதற்காகத்தான். நீங்கள் அந்த ஆள் இல்லை. அந்த ஆள் இப்படிக் கேள்வி கேட்க மாட்டார்.

அண்ணன் விஷயத்தில் மத்தேயு 5:23-24 இருக்கிறது. பலிபீடத்தண்டையில் காணிக்கை செலுத்த வந்தபோது, சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து. இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில், பலிபீடம் இருந்தது எருசலேமில். போக மூன்று நாள் நடை, வர மூன்று நாள். அவ்வளவு தூரம் போய்வரும் அளவுக்கு அந்தக் காரியம் பெரிது என்கிறார். ஆனால் காணிக்கை பலிபீடத்தின் முன்தான் காத்திருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. உங்களுக்கு மூன்று நாள் நடை வேண்டாம், போன் இருக்கிறது. இந்த வாரமே அண்ணனுக்கு எடுங்கள். காரணம், சாக்கு எதுவும் சொல்லாமல், எடுத்தது இவ்வளவு, எடுத்தது தப்பு என்று தொகையோடு சொல்லுங்கள். மொத்தமாகக் கொடுக்க வழியில்லை என்றால் மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று சொல்லி, முதல் தவணையை அன்றே அனுப்புங்கள். அவர் ஏசுவார், ஏசட்டும். போனை எடுக்காவிட்டால் அண்ணியிடம் சொல்லி வையுங்கள், அடுத்த மாதமும் காசை அனுப்புங்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12:18 சொல்கிறது. உங்களாலான மட்டும் செய்துவிட்டால், அண்ணன் மனம் இளகும்வரை திருவிருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, அடுத்தமுறை ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையே எழுந்து போங்கள்.